வாசலில் நிறுத்தினார்கள், கரையில் நிறுத்தவில்லை

1

எங்கள் ஊர்த் தலைவர் பொய் சொல்கிறார். என் அப்பா செத்துப்போன சேதி, மறுநாள் காலையில் படகுகள் எல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் தனக்குத் தெரியவந்தது என்று கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தபோது சொன்னார். அது பொய். முந்தின நாள் சாயங்காலமே அவருக்குத் தெரியும். சொன்னதே நான்தான்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் இருக்கிற குப்பங்களில் ஒன்று. இந்தப் பத்திரிகை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிறது என்று தம்பி சொன்னான். அது போதும். படிக்க வேண்டியவர் படிப்பார். அவர் படிக்காவிட்டாலும் டீ குடிக்க வருகிறவர்களில் யாராவது படித்துக் காட்டுவார்கள்.

கடற்கரையில் பிறக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிறவரை ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. செத்தவர் பணக்காரரா, குடிகாரரா, ஊரோடு சண்டை போட்டவரா என்று பார்ப்பதில்லை. எல்லாப் படகும் மணலில் நிற்கும். இதை ‘கடல் நிறுத்துவது’ என்போம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து யாருக்கும் அதை மறுத்ததும் இல்லை.

என் அப்பாவுக்கு மறுத்தார்கள். அடுத்த மாதம் அவருக்கு முதல் வருடத் தெவசம். அதற்குள் இந்த விஷயம் முடிந்தாக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

போன சனிக்கிழமை நான் ஒரு பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இருக்கிறது. இரண்டு கோபுரமும் மேகத்தில் குத்துகிற மாதிரி நிற்கும் படத்தை நீங்களும் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். ரயிலை விட்டு இறங்கி ஸ்டேஷன் கதவைத் திறந்தால் நேரே அதுதான். ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ரயில் மாறும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. லீவு நாளில் காலை நீட்டிப் படுக்கத்தான் தோன்றும்.

என் மகள் இலக்கியா விடவில்லை. ஐந்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து, "அம்மா, நீங்க இன்னும் நம்ம டோம் பாக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டோம் என்றால் பேராலயம். நம்ம டோம் என்றாள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். அதை ஒரு நாளும் நம்ம கோயில் என்று சொன்னதில்லை. "இந்தியா டெம்பிள்" என்பாள்.

என் கணவருக்கு அன்றைக்கு கிடங்கில் வேலை. நாங்கள் இருவரும்தான் போனோம்.

வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. கல் எல்லாம் கறுப்பாக, அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது. கல்லில் பூ, இலை, பேய் முகம், ராஜா, ரிஷி மாதிரி தாடிக்காரர்கள். ஒரு மூலையில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டி முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் ஆனது, நடுவில் பல தலைமுறை வேலையே நடக்காமல் கிடந்தது என்று இலக்கியா வாத்தியார் மாதிரி சொன்னாள். சரி என்றேன்.

"உங்களுக்குப் பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நீங்க எல்லாத்துக்கும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றீங்க."

உண்மைதான். ஒரு வருடமாக எனக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. பனி நன்றாகத்தான் இருக்கிறது. உலகமே வந்து பார்க்கிற கட்டடத்தின் கீழே நிற்கிறேன், பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கிறது எனக்கு.

அங்கே டூரிஸ்ட் கூட்டம் எப்படி என்றால், மாமல்லபுரத்தில் பொங்கல் விடுமுறைக் கூட்டம் மாதிரி. கொடி பிடித்த கைடு பின்னால் ஆட்டு மந்தையாகப் போகிறார்கள். நான் டூரிஸ்டுகளைப் பார்த்து வளர்ந்தவள். கோயில் பார்க்க வந்தவர்கள் மணலில் கொஞ்சம் நடந்து எங்கள் குப்பத்துக்கும் வருவார்கள். வலை பிரிக்கிறதைப் படம் எடுப்பார்கள். நாங்கள் கருவாடு காயப்போடுவதைப் படம் எடுப்பார்கள். கேட்டுவிட்டு எடுத்தவர்கள் குறைவு. எத்தனை வெளிநாட்டு வீட்டு ஆல்பங்களில் மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிறேனோ. இப்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

3

பெரிய கதவுக்குப் போனால் ஒரு ஆள் வழியை மறித்தார். சிவப்பில் நீள அங்கி, கழுத்திலிருந்து கால்வரை. பேராலயத்தின் காவல்காரர்கள் இப்படித்தான் உடுத்துவார்களாம். வயதானவர், நல்ல உயரம். கையை நீட்டி, உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, இப்போ உள்ள போக முடியாதாம். செத்தவருக்குப் பூசை நடக்குதாம். முடிஞ்ச பிறகு வரச் சொல்றார்."

"செத்தது யாரு?"

இலக்கியா அவரிடம் ஜெர்மனில் கேட்டாள். அந்த ஆள் தோளைக் குலுக்கினார். ஒரு பழைய பாதிரியார், பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது என்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் சண்டைக்கு நின்றது. தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், பஸ் கிளம்பிவிடும், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறோம் என்று அந்தக் குடும்பத்து மனிதர் இங்கிலீஷில் சொன்னார். பின்னால் ஒரு பெண் டிக்கெட் எதையோ காட்டினாள். இன்னொருவர் மெதுவாகப் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். சிவப்பு அங்கிக்காரர் சத்தம் போடவில்லை. கோபப்படவும் இல்லை. அதே கையை அந்தப் பக்கமாகத் திருப்பினார். அவ்வளவுதான். முற்றம் முழுக்க ஆட்கள், எல்லோரும் நின்றோம். யாரோ ஒரு கிழவர் செத்ததற்காக.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் சாவு விழுந்தால், மறுநாள் விடிவதற்கு முன் கரையில் போய் நிற்பது நைனாதான். யாரும் கொடுத்த வேலை இல்லை. சேதி தெரியாமல் யாராவது படகைத் தள்ளிவிடுவார்களோ என்று போய் நிற்பார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பீடி. வருகிறவனைப் பார்த்து இதே மாதிரி கையை நீட்டுவார்.

"இன்னிக்குக் கடலு இல்லடா. திரும்பு."

"அண்ணாத்த, ஐஸ் போட்டாச்சு. இன்னா அண்ணாத்த நீ."

"உனுக்கு ஐஸ் பெருசா, செத்தவன் பெருசா?"

"ஐஸ் கரைஞ்சுடுமே!"

"அவன் மட்டும் இன்னா, கல்லாட்டம் அப்டியே கெடப்பானா? போடா. கடலு எங்கயும் பூடாது, நாளைக்கும் இங்கதான் கெடக்கும்."

சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டீ எடுத்துக்கொண்டு போய் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒருவன் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"பயப்படாத அண்ணாத்த. நீ பூட்டன்னா ஒருத்தனும் தண்ணில கால வெக்க மாட்டோம்."

"பாக்கத்தான போறேன்" என்றார் நைனா.

4

நைனா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் செத்தார். நெஞ்சுவலி. சாயங்காலம். எனக்கு இங்கே மதியம். இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி குமார் கூப்பிட்டான்.

"அக்கா, நைனா பூட்டாரு."

கையிலிருந்த தட்டை வண்டியில் வைத்தேன்.

"அக்கா, போன்ல சார்ஜி இல்ல. இன்னும் ஒரு போனுகூட தாங்காது. நான் ஒண்டியா கீறேன். இங்கருந்து நவுர முடியாது. காலைலதான் எடுத்துனு வருவேன். நீயே தலைவருக்குச் சொல்லிடுக்கா."

சொன்னேன். தட்டு வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்திவிட்டு அங்கேயே நின்று போன் போட்டேன்.

"தலைவரே, நான் செல்வி பேசறேன், ஜெர்மன்லருந்து. நைனா பூட்டாரு."

"அடடா. எப்பம்மா?"

"இப்பதான். குமாரு செங்கல்பட்டுல கீறான். காலைல எடுத்துனு வருவான். ஊருக்குச் சொல்லிடுங்க. கடலு நிறுத்திடுங்க."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன். நீ அழுவாத."

நான் அழவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மிச்சத் தட்டுகளை எடுத்தேன்.

ஊருக்குப் போக முடியவில்லை. எங்கள் விசா அட்டை புதுப்பிக்கிற இடத்தில் இருந்தது. பதிலுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார் ஒருவர். திரும்பி உள்ளே வரலாமா என்று கேட்டேன். அதை இன்னொரு பிரிவில் கேட்க வேண்டும் என்றார். அந்தப் பிரிவில் பேச நேரம் கேட்டு எழுதினேன். பதில் வந்தபோது ஊரில் கருமாதி முடிந்துவிட்டது.

சவ எடுப்பை போனில் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி வீடியோவில் காட்டினாள். பூ, பறை, பட்டாசு எல்லாம் இருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் கிழவர்கள். தோள் மாற்ற ஆள் இல்லாமல் குமார் ஒரே பக்கத்தில் நடந்தான். பாடை கரையோரம் திரும்பியபோது பின்னால் மணல் தெரிந்தது. படகு நிற்க வேண்டிய இடத்தில் வெறும் மணல். ஒரு நாய் படுத்திருந்தது.

அப்போதே தெரிந்துவிட்டது. கடலை நிறுத்தவில்லை.

அன்றைக்குக் கானாங்கெளுத்தி வாரிக்கொண்டு வந்தார்களாம். தலைவருடைய இரண்டு படகும் போயிருந்தன. பிறகு கோயில் வாசலில் குமார் கேட்டான். காலையில்தான் எனக்குத் தெரியும், அதற்குள் படகெல்லாம் போய்விட்டது, நான் என்ன கடலில் நடந்து போய்த் திருப்ப முடியுமா என்றார். சிலர் சிரித்தார்கள். எங்க அக்கா போன் போட்டுது என்று தம்பி சொன்னான். எந்தப் போனும் வரவில்லை என்றார். ஊர் அதோடு எழுந்து போய்விட்டது.

இந்த ஒரு வருடத்தில் ஊரில் என்னைப் பற்றி என்ன பேச்சு என்றும் தெரியும். அப்பன் செத்ததற்கு வரவும் இல்லை, சேதியும் சொல்லவில்லை, இப்போது தலைவர் மேல் பழி போடுகிறாள் என்கிறார்கள்.

5

பேராலய முற்றத்தில் காத்திருந்தோம். குளிர் காற்று. இலக்கியாவுக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று குமாருக்கு வீடியோ போட்டேன்.

"இன்னாக்கா, பின்னாடி இன்னா அது, கரி புடிச்ச கோபுரம்?"

"சர்ச்சு. உள்ள உட மாட்டேன்றாங்க. யாரோ செத்துட்டாராம், பூசை நடக்குதாம்."

"அதுக்கு இம்மாங்கூட்டமும் வெளியவா நிக்குது?"

"ஆமா."

குமார் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வந்தான். அப்புறம், "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்க்கா" என்றான்.

"இன்னா?"

"தெவசத்துக்குக் கூப்புட தலைவர் வூட்டுக்குப் போனேன். ஒண்டியா ஒக்காந்துனு இருந்தாரு. நானும் வுடல. எங்க அக்கா சொல்லிச்சா இல்லியா, உண்மைய சொல்லுன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"போன் போட்டுது, இல்லன்னு சொல்லலடா. பொம்பள போன்ல சொன்னா அது சேதியாடா? அதுவும் எங்கியோ ஜெர்மன்ல குந்திகினு. ஆம்பள வந்து கோயிலாண்ட நின்னு சொல்லணும். நீ வரல, அப்புறம் நான் எப்டி கடல நிறுத்துவேன்னாரு."

"அத ஊர் முன்னாடி சொல்லச் சொல்லேன்."

"சொல்லுவாராக்கா? வெளிய வந்து கேட்டா நான் எப்படா சொன்னேன்னுவாரு. வுடுக்கா. தெவசம் நல்லபடியா முடியட்டும். ஊரைப் பகைச்சுகினு நான் இங்க எப்டி கீறது?"

அவன் சொல்வதும் சரி. அவன் அங்கே இருக்க வேண்டும். அவன் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பயம் இல்லை. என்னை ஊரைவிட்டு விலக்கி வைக்க முடியாது, நானே போய்விட்டேன்.

பங்காளி நேரில் வந்து கோயில் முன்னால் நின்று சேதி சொல்வது எங்கள் ஊர் வழக்கம்தான். நான் மறுக்கவில்லை. போன் இல்லாத காலத்தில் வந்த வழக்கம். ஆனால் இன்றைக்கு அந்த ஊரில் வட்டிக்காரன் வருவதையும் போனில்தான் சொல்கிறார்கள், காற்று மாறுவதையும் போனில்தான் சொல்கிறார்கள், மீன் எங்கே நிற்கிறது என்பதையும் நடுக்கடலிலிருந்து போனில்தான் சொல்கிறார்கள். மீன் சேதி போனில் வந்தால் சேதி. என் நைனா சாவு போனில் வந்தால் சேதி இல்லை.

இங்கே என் வேலையில் பாதி சாவுதான். இல்லத்தில் யாராவது செத்தால் முதலில் அறை ஜன்னலைத் திறந்து வைப்போம், இது இவர்கள் வழக்கம். பிறகு வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். வந்த புதிதில் ஒரு மகனிடம் "உங்கள் அம்மா முடிந்துவிட்டார்" என்று நம் தமிழ்ப் பேச்சு மாதிரியே நினைத்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னேன். நான் போட்ட சொல்லுக்கு இங்கே தயார் என்றும் பொருளாம். அந்த மனிதர், "எங்கே போகத் தயார்?" என்று கேட்டார். அப்புறம் புரிந்துகொண்டார். அந்த அரைகுறைப் பேச்சை வைத்துக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கறுப்புத் தோல், தப்பு ஜெர்மன், பெண்பிள்ளை, போன். இத்தனையும் இருந்தும் அவருக்கு அது சேதி.

6

கதவு திறந்தது. சிவப்பு அங்கிக்காரர் ஓரமாக நகர்ந்து, எல்லோரையும் பார்த்துத் தலையை அசைத்தார். பஸ் பிடிக்க வேண்டிய குடும்பம் அதுவரை நின்றே இருந்தது.

உள்ளே ஒரே இருட்டும் வெளிச்சமும். தூண்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. கண்ணாடி ஜன்னல்களில் நீலம், சிவப்பு, பச்சை. தரையில் அந்த நிறம் விழுந்து கிடந்தது. பின்னால் தங்கப் பெட்டி ஒன்று, மூன்று ராஜாக்களின் எலும்பு அதில் இருக்கிறது என்று நம்புகிறார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அப்புறம் பார்த்தால் எல்லாம் மங்கலாக இருந்தது.

மெழுகுவர்த்தி கொளுத்துகிற இடத்தில் இலக்கியா நின்றாள்.

"தாத்தாவுக்கு ஒண்ணு ஏத்தலாமா?"

"ஏத்து."

ஏற்றினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி முட்டிபோட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் படம் எடுத்தார்கள்.

"அம்மா, மாமா சொன்னாரே, கடல நிறுத்துறதுன்னு. கடல எப்படி நிறுத்துவாங்க?"

சொன்னேன். படகு, மணல், தாத்தா கையை நீட்டிக்கொண்டு நிற்பது, எல்லாம். வாசலில் நின்ற ஆளைக் காட்டி, அப்படித்தான் என்றேன். அவள் திரும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ தாத்தா செத்தப்போ யார் நின்னாங்க?"

"யாரும் நிக்கல."

"ஏன்?"

இவளுக்குத் தமிழ் எழுத வராது. கடலில் கால் வைத்தால் பாசி என்று அலறுவாள். ஊர் இவளுக்கு ஒரு வீடியோ. இன்னும் சில வருடத்தில் எங்கள் குப்பத்துப் பெயரையும் மறந்துவிடுவாள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அந்த ஒரு சொல்லில் கேட்டுவிட்டாள். ஊர் ஒரு வருடமாகக் கேட்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது தூங்கிவிட்டாள். நான் இதை எழுத ஆரம்பித்தேன்.

7

தலைவரே, இனி உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அபராதம் வேண்டாம். அந்த நாள் திரும்பாது, அந்த மீனையும் விற்றுத் தின்றாகிவிட்டது. என் நைனா எத்தனையோ பேருக்காக அந்தக் கரையில் நின்றார். உங்கள் அம்மா செத்தபோதும் நின்றார். நீங்கள் அப்போது உள்ளே அழுதுகொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுத் துக்கத்துக்காக ஊரைத் திருப்பி அனுப்பியது அவர் கை.

அடுத்த மாதம் தெவசத்தன்று ஊர் கோயில் வாசலில் கூடும். மைக் செட் இருக்கும். அதை வாங்கி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் செல்வி உங்களுக்கு போன் செய்தாளா, இல்லையா? செய்தாள் என்றால், கடலை ஏன் நிறுத்தவில்லை?

பெண்பிள்ளை சொன்னது சேதி ஆகாது என்பதுதான் உங்கள் நியாயம் என்றால், அந்த நியாயத்தையே சொல்லுங்கள். ஊரில் பாதிப் பேர் பெண்கள். அவர்களும் கேட்கட்டும். நான் பொய் சொல்கிறேன் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். குமாரின் போன் திறந்தே இருக்கும், நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

குமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். எனக்கு போன் செய்து சொல்லாதீர்கள். ஆம்பளை நீங்கள், கோயில் முன்னால் நின்று, ஊர் காதில் விழச் சொல்லுங்கள். போனில் சொன்னால் அது சேதி இல்லை என்று சொன்னவர் நீங்கள்தான்.